எண்ணெய் ஊத்தியாச்சு

எனக்கு வாய் நீளம் என்று ஏறாவூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நீள வாயில் வரவேண்டிய ஒரு சொல், வரவேண்டிய நேரத்தில் வராமல் போனது.

நான் நிஸ்தார். பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சி றிஸ்லாவின் புருஷன் றிப்ஷானுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை கிடைத்தது. செங்கலடியில் ஒரு வளவுக்குள் துருப்பிடித்துக் கிடந்த எண்பத்திரண்டாம் ஆண்டு பைக்கை வாங்கி வந்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி அவருக்குச் செய்துகொடுத்தேன். புதுப் பிஸ்டன் போட்டேன். டேங்குக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் அனுப்புகிற பம்பு மட்டும் சரிவரவில்லை, கழற்றி எறிந்துவிட்டேன். எல்லாக் கராஜிலும் செய்கிற வேலைதான். பம்பு இல்லையென்றால் பெற்றோலோடு டூ-டீ எண்ணெயைக் கையால் கலந்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கலக்காமல் ஓடினால்? பிஸ்டன் சூடேறி வீங்கும். சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் பின்சில்லு சுழலாமல் அப்படியே இறுகிவிடும். அந்த வேகத்தில் மேலே இருப்பவர்களை யார் பிடிப்பது?

"மச்சான், ஒவ்வொரு தரமும் மறக்காம எண்ணெய் ஊத்தணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.

"எண்ணெய் ஊத்தாம பைக் ஓடுமா மச்சான்?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாசமாய்ப்போன சிரிப்பு.

முதல் டேங்க் நான் கலந்தது. ஐந்து நாள் ஓடியது. சனிக்கிழமை காலை றிஸ்லாவையும் நாலு வயது மகள் இனாயாவையும் ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்குக் கடல் பார்க்கக் கிளம்பினார். கராஜ் வாசலில் நிற்காமல் கையை மட்டும் காட்டினார்.

"எண்ணெய் ஊத்தின நீங்களா?" என்று கத்தினேன்.

"ஃபுல்லா ஊத்தியாச்சு மச்சான்!"

அவர்கள் போன பின்னால் ரோட்டைப் பார்த்தேன். வழக்கமான நீலப் புகை மெல்லிசாகத்தான் கிடந்தது. என் கைவேலையின் சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு பிளேன்ரீ குடித்தேன்.

அரை மணித்தியாலம் கழித்து வந்தாறுமூலைக் கோணாமலையண்ணன் தன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நிஸ்தார், பிரேக்கக் கொஞ்சம் பாக்கணும். பொறு, செட்டுக்குப் போய் எண்ணெய் அடிச்சிட்டு வாறன்."

அவர் பெற்றோல் செட்டுப் பக்கம் உருட்டினார். எண்ணெய் அடிக்க! அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கராஜுக்குள் எங்களுக்கு ஒயில் என்றால் கியர்பெட்டிக்கு ஊற்றுவது, எண்ணெய் என்றால் டூ-டீ. வாசலைத் தாண்டினால் ஊர் முழுக்க எண்ணெய் என்பது பெற்றோல். இருபது வருடமாக அந்த வாசலை நானும் தாண்டுகிறேன், செட்டில் நின்று நானும் எண்ணெய் அடி என்றுதான் சொல்கிறேன். மச்சான் ஊற்றியது வெறும் பெற்றோல். என் கலவையில் மிச்சம் கிடந்ததுதான் இவ்வளவு தூரம் அவர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

மச்சானின் போன் அடித்து ஓய்ந்தது. றிஸ்லாவுக்கு எடுத்தேன். மூன்றாம் தரம் எடுத்தாள். காற்று இரைந்தது. அதற்கு அடியில் எஞ்சின், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தத்தோடு.

"றிஸ்லா, பைக்க நிப்பாட்டச் சொல்லு! கிளச்சப் புடிக்கச் சொல்லு!"

"என்ன காக்கா? கிரான் தாண்டிட்டம். ஒண்டும் கேக்குதில்ல."

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

"இனாயாவா? நடுவுல இரிக்கா. இந்தா குடுக்கன்."

போன் இனாயாவின் கைக்குப் போனது.

"மாமா, கடலுக்குப் போறம்!"

"மகள், வாப்பாட்ட சொல்லுங்க, மாமா பைக்க நிப்பாட்டச் சொன்னாரெண்டு. இப்பவே சொல்லுங்க, தங்கம்."

"வாப்பா, மாமா..." குழந்தை திரும்பவும் என்னிடம் வந்தாள். "வாப்பா வேகமாப் போறார் மாமா. நல்லா இரிக்கி."

எஞ்சின் ஒருமுறை கீச்சிட்டது. ரப்பர் தாரில் தேயும் சத்தம் கேட்டது. பிறகு காற்று இல்லை, எஞ்சின் இல்லை. போன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அல்லாஹ், அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

யாரோ ஓடிவந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. அதன்பின் பழக்கமில்லாத ஒரு ஆண்குரல் போனுக்குள் வந்தது.

"ஹலோ? சின்னப் புள்ள எங்கிட்ட இருக்கு. மத்த ரெண்டு பேரையும் பாக்கிறம். கதைக்கிறது ஆரு? நீங்க இவங்களுக்கு என்ன முறை?"

காக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பைக் செஞ்சு குடுத்தவன்" என்றேன்.