பூமணி சொன்ன முயல் கதை

ஏரம்பு யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் குடியேறிய முதல் போகம் அது. அன்று அவன் வயலுக்குத் தண்ணீர் முறை. கண் முழுக்க மடையில்தான்.

முதுகுக்குப் பின்னால் ஐந்து வயது மகள் பூமணி கேட்டாள்.

“அப்பா, இந்தக் கட்டையில இருக்கட்டே?”

“ஓம், ஓம்.”

“முயல் கதை சொல்லட்டே?”

“ஓம்.”

கதை பாதி போனபின்தான் திரும்பினான். கட்டைக்குக் கண்கள் இருந்தன. முதலை இமைக்காமல் கதை கேட்டுக்கொண்டிருந்தது. ஏரம்புவின் கையிலிருந்த மண்வெட்டி விழுந்தது.

“பிள்ளை... மெல்ல இங்கால வா.”

“மாட்டன். நீங்கள் கேக்கமாட்டியள். இவர் கேக்கிறார்.”

“கேக்கிறனம்மா. முதல்ல இருந்து சொல்லு.”

சேற்றில் குந்தினான். அவள் இறங்கிவந்து மடியில் ஏறினாள். தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் பாய்ந்தது, ஏரம்பு அசையவில்லை. முடிவு தெரியும்வரை முதலையும் போகவில்லை.