கொக்குத்தீவுக்கு எத்தனை நிமிடம்

'கொக்குத்தீவு மர்மம்' நாவலை வாசகர் வட்டத்துக்குத் தெரிவு செய்தது சிவலட்சுமிதான். பாப்பாமோட்டைப் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற மருத்துவமாது அவள். ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸி. அவளுடைய ஸ்கூட்டியின் சீற்றுக்கு அடியில், நிறை அட்டைகளுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு கதைப்புத்தகம் கிடக்கும். அறுபது வருடத்துக்கு முந்திய இந்தத் துப்பறியும் நாவலை மட்டும் அவள் ஏழு தடவை வாசித்திருந்தாள். மற்றவர்களும் வாசித்துவிட்டு வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தாள்.

வட்டம் என்று பெயர்தானே தவிர, மன்னார் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவது நாலே பேர். சிவலட்சுமியைத் தவிர, ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் கதிர்காமு, போன வருடம்தான் சட்டத்தரணியான தர்ஷிகா, எருக்கலம்பிட்டியில் வள்ளம் வைத்திருக்கும் அப்துல் றசாக் நானா.

"முதல்ல நான் சொல்லுறன்" என்று கதிர்காமு தொண்டையைச் செருமினார். "உந்தத் துப்பறிவாளர் அம்பலவாணர் கத்தியைத் தன்ர கைலேஞ்சியில சுத்திப் பொக்கற்றுக்குள்ள வைக்கிறார். ஒரு வாக்குமூலம் எழுதினவரோ? இல்லை. எல்லாரையும் விறாந்தையில இருத்தி வைச்சு ஒரு மணித்தியாலம் பிரசங்கம். இருபத்தெட்டு வருஷ சேவையில நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை. செய்திருந்தா என்னை எங்கயாவது காட்டுக்கு மாத்தியிருப்பினம்."

தர்ஷிகாவுக்கு வேறு கோபம். "மூண்டாம் அத்தியாயத்திலயே டொக்டர்தான் கொலைகாரன் எண்டு எனக்குத் தெரிஞ்சிட்டுது அக்கா. அதைவிட, மரகதம் எண்டு, செத்தவரின்ர மருமகள் ஒருத்தி வாறா. அவவின்ர வேலை என்ன? தேத்தண்ணி ஊத்திறது, அழுறது, மயங்கி விழுறது. கதை முழுக்க அவ்வளவுதான்."

சிவலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. கடைசி நம்பிக்கையாக றசாக் நானாவைப் பார்த்தாள். அவர் புத்தகத்தை மெதுவாக மூடி மேசையில் வைத்தார்.

"மிஸ்ஸி, கோவிக்க வேணாம். எழுதின மனுசன் கடலை வரைபடத்திலதான் பாத்திருக்கார்."

கதையில் சேனாதிராயர் என்ற பணக்காரக் கிழவர் தலையிடி என்று கரையிலுள்ள தன் வீட்டில் தனியே படுத்திருக்கிறார். அவருடைய ஆட்கள் எல்லோரும் அரை மைல் தள்ளியிருக்கும் கொக்குத்தீவில் விருந்துக்குக் கூடியிருக்கிறார்கள். டொக்டர் யாருக்கும் தெரியாமல் சின்னத் தோணியை வலித்துக் கரைக்கு வந்து, கிழவரைக் குத்திவிட்டு, நாற்பதே நிமிடத்தில் விருந்துக்குத் திரும்பிவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதை வைத்துத்தான் அம்பலவாணர் அவரைப் பிடிக்கிறார்.

"தண்ணி வத்திற நேரம் எண்டு புத்தகத்திலயே கிடக்கு" என்றார் றசாக் நானா. "வத்துத் தண்ணியில தோணி சேத்தில இருந்திரும். போகவே அரை மணித்தியாலம். திரும்பி வர அந்தாள் பறக்கத்தான் வேணும்."

"ஏன், குத்திற நேரம் நாலு நிமிசம் எண்டு வைச்சாலும், பதினெட்டு நிமிசத்தில ஒரு வழி போகேலாதோ?" சிவலட்சுமியின் குரல் தானாக உயர்ந்தது.

"ஏலாது."

"அப்ப வள்ளத்தைக் கொண்டு வாங்கோ நானா. வலிச்சுப் பாப்பம்."

சொன்ன பிறகுதான் தனக்குத் துடுப்பின் எந்தப் பக்கம் தண்ணீருக்குள் போகும் என்பதே தெரியாது என்ற நினைவு வந்தது. ஆனால் கதிர்காமு அதற்குள் கொப்பியை எடுத்துத் திகதி போட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை எருக்கலம்பிட்டிக் கரையில் நாலு பேரும் கூடினார்கள். அரை மைல் தள்ளி ஒரு மணல்திட்டு தெரிந்தது, அன்றைக்கு அவர்களுக்கு அதுதான் கொக்குத்தீவு. கொலையுண்ட சேனாதிராயராகத் தர்ஷிகா கரையில் பாயை விரித்துக் குடைக்குக் கீழே சாய்ந்துகொண்டாள். கதிர்காமு கைத்தொலைபேசியும் கொப்பியுமாக நேரம் பார்க்க நின்றார். றசாக் நானா சிவலட்சுமியைச் சின்ன வள்ளத்தில் திட்டுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் வற்றத் தொடங்கும்வரை அங்கே இருந்து, அவருடைய மனைவி பாத்தும்மா கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தின்றார்கள். கொலை செய்யப் போகிற ஆளுக்கு இவ்வளவு பசி எடுக்குமா என்று சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப சரி" என்று நானா கரைக்கு அழைப்பு எடுத்தார். "சார்ஜன் ஐயா, வெளிக்கிடுறம். மிஸ்ஸிதான் வலிக்கோணும். டொக்டரும் படிச்ச ஆள்தானே, நான் வலிச்சா கணக்கில்லை."

முதல் மூன்று நிமிடம் வள்ளம் ஓர் இடத்திலேயே வட்டமடித்தது. "மற்றக் கையால, மிஸ்ஸி! மற்றக் கையால!" என்று நானா கத்தினார். ஒருவழியாக அது நேரே திரும்பி, நல்ல பிள்ளையாகக் கொஞ்சத் தூரம் போனது. சிவலட்சுமிக்கு உள்ளங்கை எரிந்தாலும் மனம் குளிர்ந்தது. அப்போதுதான் வள்ளத்தின் அடி 'சரக்' என்று இழுபட்டு நின்றது. இரண்டு பேரும் துடுப்பால் உந்திப் பார்த்தார்கள். அசையவில்லை.

"நான் சொல்லேல்லையோ?" என்றார் நானா. அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை சிவலட்சுமியால் தாங்க முடியவில்லை. ஏழு தடவை வாசித்த புத்தகம் ஒரு சேற்றில் தோற்பதா? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள், பாவாடையைத் தூக்கிச் சொருகினாள், வள்ளத்திலிருந்து குதித்தாள். தண்ணீர் முழங்கால்வரைதான். நிலம் மேலே கொழகொழவென்றாலும் அடியில் கெட்டியாக இருந்தது. மழைக்காலத்தில் உயிலங்குளத்து வயல் வரப்புகளில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்து பழகிய கால்கள் அவளுடையவை. விறுவிறுவென்று நடந்தாள். சிப்பி ஒன்று காலைக் கீறியது, அதையும் பார்க்கவில்லை.

கரையேறியதும் தர்ஷிகாவின் தோளில் விரலால் ஒரு குத்து. "செத்தியள்!"

"பதினேழு நிமிசம் இருபது செக்கன்" என்று கதிர்காமு வாசித்தார். "மூண்டு நிமிசம் சுத்தினதையும் சேத்து."

சிவலட்சுமி மூச்சு வாங்கியபடி மணலில் விழுந்து சிரித்தாள். "பாத்தியளோ? ஏலும்! டொக்டர் தோணியில வரேல்லை, நடந்து வந்திருக்கிறார்."

தர்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நடந்து வரலாமெண்டா, துடுப்புப் பிடிக்கத் தெரிஞ்சிருக்கத் தேவையில்லையே."

"ஓம்."

"அப்ப டொக்டர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? விருந்துக்கு வந்த ஆரும் நடந்து வந்திருக்கலாம்."

சிவலட்சுமியின் சிரிப்பு பாதியில் நின்றது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஈரக் கையால் பக்கங்களைப் புரட்டினாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். ஏழு தடவையும் அதைத் தாண்டித்தான் போயிருந்தாள். விருந்தில் மரகதம் தேநீர் பரிமாறும்போது அவளுடைய சேலைக் கரை நனைந்திருக்கிறது. விருந்துக்கு வந்திருந்த அம்பலவாணர் அதைக் கவனிக்கிறார். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள் என்று நினைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

"எவ்வளவு உயரத்துக்கு நனைஞ்சதாம்?" என்று தர்ஷிகா கேட்டாள்.

"முழங்கால் வரைக்கும்" என்று வாசித்தாள் சிவலட்சுமி. தன் பாவாடையைக் குனிந்து பார்த்தாள்.

அதற்குள் றசாக் நானாவும் வள்ளத்தை விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "அல்லாஹ்! அப்ப டொக்டரை வீணாவோ தூக்கில போட்டவங்க?"

அம்பலவாணர் சிவலட்சுமிக்கு வெறும் கதாபாத்திரம் அல்ல. இரண்டு வேலைக்கு நடுவில், மரநிழலில், அவள் நம்பி வாசித்த மனிதர். அவர் பிழைவிட்டிருக்கிறார். ஆனால் அதைக் கண்டுபிடித்தது தன்னுடைய இரண்டு கால்கள் என்று நினைத்தபோது, வருத்தத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு குதூகலம் மேலே வந்தது.

"ஒருவரும் அவசரப்படாதேங்கோ" என்றார் கதிர்காமு. "கடைசி அத்தியாயத்தில டொக்டர் தானே ஒப்புக்கொள்ளுறார். அது காணாதோ?"

"ஐயா" என்றாள் தர்ஷிகா. குரலில் குத்தல் இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "ஒப்புக்கொண்ட எல்லாரும் செய்தவையோ?"

கதிர்காமு கொப்பியை மூடினார். கடலில் சாய்ந்து கிடந்த வள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைப் பிள்ளை" என்றார் கடைசியில். "எல்லாரும் இல்லை."

பிறகு சிவலட்சுமியிடம் கையை நீட்டினார். "புத்தகத்தைத் தாங்கோ தங்கச்சி. நான் இன்னொருக்கா வாசிக்கோணும்."

தண்ணீர் திரும்ப ஏறும்வரை வள்ளத்தை அசைக்க முடியாது என்று நானா சொன்னதால், எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். பாத்தும்மா சிவலட்சுமியின் காலைக் கழுவி மருந்து கட்டினாள். கதையைக் கேட்டுவிட்டு, மருமகளாக இருந்தால் தானும் அந்தக் கிழவரைக் குத்தியிருப்பேன் என்று சொல்லிச் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் முப்பது தாய்மார் வரிசையில் இருந்தார்கள். ஒரு குழந்தையைத் தராசில் தூக்கிப் போடுகிற நேரம் பார்த்து சிவலட்சுமியின் தொலைபேசி அடித்தது. கதிர்காமு.

"தங்கச்சி, இரவிரவா யோசிச்சனான். டொக்டருக்கு எல்லாம் தெரியும். மரகதத்தைக் காப்பாத்தத்தான் அந்தாள் பழியைத் தலையில போட்டது. நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில அவவைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுறார், கவனிச்சனீங்களோ?"

"அது பெருமூச்சில்லை ஐயா, அவருக்கு இழுப்பு. இருபதாம் பக்கத்திலேயே இருக்கு."

"இழுப்போ? இழுப்புக்காரன் ஏன் பெண்டுகளைக் கண்டா மட்டும் இழுக்கிறான்?"

"ஐயா, குழந்தை தராசில கிடக்குது, பிறகு கதைப்பம்" என்றாள் சிவலட்சுமி. குழந்தை காலை உதைத்தது, முள் ஆடியது, தாய் நிறை என்ன என்று பார்த்தாள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, அட்டையில் ஐந்து கிலோ நானூறு என்று எழுதினாள்.

"சரி, சொல்லுங்கோ. நூற்றிப் பன்னிரண்டில வேற என்ன கிடக்குது?"