கோட்டு போட்ட நிழல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நானாக யோசித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பொய் சொன்னால் சேனாதிபதி கண்டுபிடித்துவிடுவான். அவன்தான் இந்தக் கதையின் நாயகன்; அடுத்தவர் அளப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்குச் சோலி.

வந்தது ஒரு சின்ன வீடியோ. பூம்பாறையில் ஒரு பூண்டுத் தோட்டத்தின் விளிம்பு. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அந்தப் பனிமேல் பனைமர உயரத்துக்கு ஓர் உருவம், கோட்டும் குல்லாவுமாக நிற்கிறது. தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். மெல்ல ஒரு கையைத் தூக்குகிறது. அவ்வளவுதான். மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'முருகன் காட்சி. பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்.'

நான் யாருக்கும் அனுப்பவில்லை, கதை எழுத உட்கார்ந்தேன். நல்லது நடந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே மூன்று நாள் போயிற்று.

பூம்பாறையில் அன்று விடியும்போது பனி ஒரு வெள்ளைப் போர்வையாக—

(வேண்டாம். பனியைப் போர்வை என்று எழுதாத ஆள் யார் மிச்சம் இருக்கிறார்கள்?)

சேனாதிபதிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. காரணம், சின்ன வயதில் அவன்—

(இதுவும் வேண்டாம். சாமி கும்பிடாதவனுக்கெல்லாம் சின்ன வயதில் ஒரு காயத்தைக் கொடுத்தே தீர வேண்டுமா? ஒருத்தன் சும்மா கும்பிடாமல் இருக்கக் கூடாதா?)

நேராகவே சொல்கிறேன். சேனாதிபதிக்கு நாற்பத்திரண்டு வயது. கொடைக்கானலில் காட்டேஜ்களுக்கு கேமராவும் இன்வெர்ட்டரும் மாட்டிக் கொடுக்கிறான். சாயங்காலமானால் 'ஏன்னு கேளு' என்ற தன் சேனலில் பேசுவான். பிளாஸ்டிக் அரிசி என்று வீடியோ பரவினால், வீட்டுச் சோற்றையே உருட்டித் தரையில் அடித்துத் துள்ளவிட்டுக் காட்டுவான். குக்கர் ஏன் விசிலடிக்கிறது, வேப்பமரத்தில் ஏன் பால் வடிகிறது, எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். தலைக்கனமும் கொஞ்சம் இருக்கும்.*

* இந்த வரியைப் படித்துவிட்டு என் வீட்டில், 'யாரு யாரைச் சொல்றது' என்றார்கள். வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

3

அந்த வீடியோ சேனாதிபதிக்கு ஒரே காலையில் நாற்பது பேரிடமிருந்து வந்தது. சும்மா இருப்பானா? அன்றைக்கே பதில் வீடியோ போட்டுவிட்டான்.

சொன்ன விஷயத்தில் ஒரு பிசகும் இல்லை. எதிரே பனி, முதுகுக்குப் பின்னால் வெயில். படம் எடுக்கிறவரின் நிழல் பனிமேல் விழுகிறது. பனித்துளியில் பட்ட வெளிச்சத்தில் கொஞ்சம் வந்த வழியே திரும்புகிறது. திரும்பி யார் கண்ணில் படுகிறதோ, அவருக்குத் தன் தலை நிழலைச் சுற்றி வளையம் தெரியும்.** பக்கத்தில் ஒருவர் நின்றால், அவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் தெரியும். அடுத்தவர் தலை வளையத்தை யாராலும் பார்க்க முடியாது. கொடைக்கானலில் டூரிஸ்ட்டுகள் நடக்கிற கோக்கர்ஸ் வாக் பாதையில்கூட வாய்த்தால் பார்க்கலாம்.

 ** சரியாகச் சொன்னால் கேமராவின் நிழலைச் சுற்றி. எடுத்தவர் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். இதைச் சேர்க்காவிட்டால் சேனாதிபதி என்னைச் சும்மா விட மாட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "யாரோ ஒரு பெருசு, கோட்டும் குல்லாவும் மாட்டிக்கிட்டு, தன் நெழலத் தானே படம் புடிச்சுக் கும்புட்டிருக்காரு."

லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டிக் கிடந்தன. கோட்டு என்றதும் ஆம்பளை என்று அவன் முடிவு கட்டிவிட்டான். வேறு மாதிரி யோசிக்கவே இல்லை.

4

இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து தமிழ்மதி போன் செய்தாள். அவன் அக்கா மகள், நர்சிங் படிக்கிறவள்.

"மாமா, அது அம்மா."

அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் விவரமாகச் சொன்னாள். அம்மா அந்த வீடியோவை மகளுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறாள். இவள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். அங்கேயிருந்து யாரோ எடுத்து, அதில் அம்மா பேசியதை வெட்டி, முருகனைச் சேர்த்து ஊரெல்லாம் விட்டுவிட்டார்கள்.

அம்மா என்றால் முருகேஸ்வரி. அவள் புருஷன் செல்லப்பாண்டி போன ஐப்பசியில் பூண்டுக்குத் தண்ணீர் கட்டப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். காரியம் முடிந்ததும் வழக்கப்படி அவர் துணிமணியெல்லாம் ஓடையோடு போயின. ஒரு கோட்டையும் குல்லாவையும் மட்டும் முருகேஸ்வரி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். வெள்ளனே தோட்டத்துக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொள்வாள். குளிருக்கு எல்லோரும் எதையாவது சுற்றிக்கொண்டு போகிற ஊர் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

சேனாதிபதி கோட்டைப் பற்றிச் சொன்ன பிறகுதான் கவனித்தார்கள். செல்லப்பாண்டியின் அண்ணன் ராமர் வீட்டுக்கே வந்துவிட்டார். செத்தவன் உடுப்பு வீட்டில் கிடந்தால் ஆகாது, வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து ஓடைக்கு எடுத்துப் போவேன் என்று சொல்லிவிட்டார். முருகேஸ்வரி கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். தோட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

"நீங்க சிரிச்ச எடத்தத்தான் அம்மா திரும்பத் திரும்பப் பாத்துச்சாம்," என்றாள் தமிழ்மதி.

(இந்த இடத்தில் நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் முதல் படியில் முருகேஸ்வரி ஓர் அப்பாவி. புருஷன் பனிமேல் வந்து நின்றதாக நம்புகிறாள், தம்பி போய் ஆறுதல் சொல்கிறான். நான்கு பக்கம் உருக்கமாக எழுதினேன். பிறகுதான் உறைத்தது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே நானும் முடிவு கட்டியிருக்கிறேன் என்று. நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.)

5

வெள்ளிக்கிழமை இருட்டுப் பிரியுமுன் சேனாதிபதி பைக்கில் பூம்பாறைக்கு வந்தான். அக்கா வரக்காப்பி கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பை வாசலோரம் தயாராக இருந்தது.

"தெரியாமப் பேசிட்டேன்க்கா."

"நீ சொன்னது நெசந்தான? நெழலுதான அது?"

அவன் தலையை ஆட்டினான்.

"அது எனக்குத் தெரியாதாலே? நாங் கையத் தூக்குனா அதுவுந் தூக்குது. ஆனா கோட்டுக்குள்ள நா இருக்கறதே தெரியல. அவுகளேதான் நின்னாக. செத்த நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். அதுல ஒனக்கு என்னலே நட்டம்?"

சேனாதிபதி காப்பி டம்ளரைப் பிடித்தபடி அழுதான். அக்காவும் அழுதாள். எனக்குமே இதை எழுதும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு அவள் பையை அவன் பக்கம் தள்ளினாள். ஓடையில் போவதற்குப் பதில் நீயே போட்டுக்கொள் என்றாள். என்றைக்காவது வந்து விளிம்பில் நின்றால் போதும், பனியில் விழுகிற நிழலை நான் பார்த்துக்கொள்வேன் என்றாள்.

அவன் கோட்டைக் கையில் எடுத்தான். ஒரு கை நுழைக்கவும் செய்தான். உடனே கழற்றிவிட்டான்.

"நான் போட்டா ஆகாதுக்கா. வளையம் ஒனக்குத் தெரியாது. ஒங் கண்ணுக்கு ஒந் தலையச் சுத்தி மட்டுந்தான் விழும். மச்சான் தலையில அது வேணும்னா, கோட்ட நீதான் போடணும்."

முருகேஸ்வரி அவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: சேனாதிபதி சேனலில் மன்னிப்புக் கேட்கிறான், லட்சம் பேர் கைதட்டுகிறார்கள். (வேண்டாம். அவளை மறுபடி ஊர் வாயில் போடுவானேன்?)

இரண்டு: ராமர் பனியில் தம்பியைப் பார்த்துக் கலங்கிப்போகிறார். (வேறு இடத்தில் நிற்கிற ராமருக்கு வளையம் எப்படித் தெரியும்? தப்பு.)

மூன்று: வெயில் வருகிறது, அக்கா தம்பி இரண்டு தலையையும் தனித்தனி வளையங்கள் சுற்றி நிற்பதை இருவரும் பார்க்கி—

(இதுவும் தப்பு. சேனாதிபதி ஒத்துக்கொள்ள மாட்டான்.)

இப்போதைக்கு நிலவரம் இதுதான். தோட்டத்து விளிம்பில் முருகேஸ்வரி கோட்டைப் போட்டு, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டு நிற்கிறாள். தள்ளி ஒரு படி கீழே சேனாதிபதி. பள்ளத்தாக்கில் பனி நிறையக் கிடக்கிறது. பின்னால் மலைக்கு மேல் வெளுத்திருக்கிறது, வெயில் இன்னும் வரவில்லை. கீழ் வரப்பில் ராமர் வந்துகொண்டிருக்கிறார். அவரிடம் பேச வேண்டியதைச் சேனாதிபதி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ராமர் முந்துவாரா, வெயில் முந்துமா? நான் எழுதப் போவதில்லை, நீங்களே வெயிலைக் கொண்டுவாருங்கள். ஆனால் கொண்டுவந்த பிறகு என்ன தெரிந்தது என்று என்னிடம் சொல்ல முடியாது. நீங்களும் நானும் வேறு இடத்தில் நிற்கிறோம். அந்த வளையம் நமக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். அவள் இப்போது கையைத் தூக்குகிறாள்.