ஒரே பேர், இரண்டு பிராங்க்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது என் சொந்தச் சரக்கு இல்லை. அப்பா ஒருவருக்குச் சரியாக நன்றி சொல்லாமல் வந்துவிட்டார், அதனால் நான் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் பெனின் நாட்டுக் கொட்டோனூவில் உதவி பெற்ற அன்றே சொல்லும் நன்றி பாதி நன்றிதான். மறுநாள் காலையில் வாசலில் போய் நின்று, "நேத்துக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். அப்பாவோ அன்று மாலையே கேமரூனின் துவாலாவிலிருந்து வண்டி ஏறிவிட்டார். நான் அம்மாவின் மடியில் இருந்தேன், பேர்கூட வைக்காத கைக்குழந்தையாக.

2

முதல் தொடக்கம்: "1945 டிசம்பரில் பாரிசில், ஆப்பிரிக்கக் காலனிகளுக்கென்று ஒரு பிராங்க்…" (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: விடுதலை வந்து பிரெஞ்சுக் கொடிகள் இறங்கின, பிராங்க் இறங்கவில்லை. மேற்கே எங்களுக்கு ஒரு வங்கி, மத்தியில் கேமரூன்காரர்களுக்கு இன்னொன்று. செஃபா பிராங்க் என்று பேர் ஒன்று, மதிப்பு ஒன்று, தாள் மட்டும் வேறு. 1993 வரை ஒருவர் தாளை மற்றவர் வங்கி வாங்கிக்கொண்டது, பிறகு நிறுத்திவிட்டது. அப்பாவுக்கு அது தெரியாது. பிராங்க் பிராங்க்தானே என்று நினைத்துவிட்டார் மனிதர்.

3

1995. தன் அக்காவைப் பார்க்க துவாலா போயிருந்த அம்மாவுக்கு அங்கேயே நான் முந்திக்கொண்டு பிறந்துவிட்டேன். கட்டணம் கட்டாமல் தாயையும் பிள்ளையையும் அந்த ஆஸ்பத்திரி வெளியே விடாது. மெடார் என்கிற என் அப்பா தன் தையல் மெஷினை விற்றுப் பணத்தோடு ஓடிவந்தார்.*

காசாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊரு காசுய்யா இது?"

"செஃபா பிராங்க்தான் சார்."

"எங்க செஃபா இது இல்ல. இத வச்சுப் பிள்ளைக்கு விசிறி விடு, போ."

வாசலில் காசு மாற்றுகிறவன் ஐந்தில் ஒரு பங்கு கமிஷன் கேட்டான். கொடுத்தால் கட்டணத்துக்குப் போதாது. எதிரே மீன் சுட்டுக்கொண்டிருந்த பெண்மணி கூப்பிட்டார்.

"ஏ தம்பி! இங்க நின்னு அழுதா என் மீனு உப்புக் கரிக்கும். என்னாச்சு?"

அப்பா சொன்னார். அந்தப் பெண்மணி கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்புத் துணியில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தெடுத்தார்.

"இன்னிக்குத்தான் சீட்டு எடுத்தேன். ஐஸ்பெட்டி வாங்கலாம்னு இருந்தேன். உன்னுதக் குடு, இதப் பிடி. ஒண்ணுக்கு ஒண்ணு."

"கமிஷன் எவ்வளவுக்கா?"

"பேரு ஒண்ணுதானே? அப்புறம் என்ன கமிஷன்!"

"இது இங்க செல்லாதாம். நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"அது என் தலவலி. போய் மொதல்ல பிள்ளையத் தூக்கிட்டு வா. மீனு கருகுது."

*(மெஷின் நான் சேர்த்தது. அப்பா நிஜத்தில் கடன் வாங்கினார். கதைக்கு மெஷின் எடுப்பாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.)

4

பதற்றத்தில் அப்பா அந்தப் பெண்மணியின் பேரைக் கேட்கவில்லை. நான் எபெலே என்று வைத்திருக்கிறேன். கதையைப் படித்த நண்பர், "முன்னப் பின்ன தெரியாதவனுக்கு ஏன் குடுத்தாங்க? காரணம் எங்க?" என்றார்.

யோசித்தேன். எபெலே கொட்டோனூவுக்குத் துணி எடுக்கப் போகிற வியாபாரி என்று வைத்தால், எங்கள் தாள் அவருக்கு அங்கே செல்லும், அது சாமர்த்தியம் ஆகிவிடும். அவருடைய குழந்தையும் அதே ஆஸ்பத்திரியில்… இல்லை. என் வசதிக்காக ஒரு குழந்தையைக் கொல்ல மாட்டேன். காரணமே இல்லாமல் செய்தார் என்று எழுதினேன். நம்பாவிட்டால் போங்கள்.

5

முடிவுதான் வரவில்லை. அந்தத் தாள்களை அவர் என்ன செய்தார்? ஒரு முடிவில், வாசலில் காசு மாற்றுகிற அதே ஆளிடம் ஐந்தில் ஒன்றை இழந்து மாற்றுகிறார், ஐஸ்பெட்டி தள்ளிப்போகிறது. இன்னொன்றில், கொட்டோனூ போகிற ஒருவர் வந்து முழு மதிப்புக்கு வாங்கிக்கொள்கிறார், யாருக்கும் நட்டமில்லை. அதை மூன்று தடவை எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. மூன்று தடவையும் கிழித்துவிட்டேன்.

அவர் நன்றாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அதை நானே எழுதினால், என் கடனை நானே தள்ளுபடி செய்துகொண்டதாகிவிடும். நீங்கள் அவருக்கு எந்தக் கடனும் படவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன், அவருக்கு அந்த ஐஸ்பெட்டியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.