இரண்டு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால்

"என்ன வேலை பாக்கே?" என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொன்னால் புரியாது, புரிந்தால் சிரிப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு நேரம் குறிக்கிற காலண்டர் ஒன்றைச் செய்கிறோம். அதைப் பயன்படுத்துவது மனிதர்கள் இல்லை, ஆஸ்பத்திரிக்காகத் தானாக வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்கள், ஏஐ ஏஜென்டுகள். எந்த நேரம் காலி, எப்படி மாற்றுவது, யாரிடம் கேட்பது என்று அவை வாசித்துத் தெரிந்துகொள்ள ஒரு கையேடு வேண்டுமே, அதை எழுதுகிறவள் நான், முத்துராணி. ஏஜென்டுக்குக் கண்ஜாடை புரியாது. எழுதியதை அப்படியே செய்யும்.

மாசியில் ஒரு நாள் முதலாளி ஸ்ரீராகவ் என் மேஜைப் பக்கம் வந்தார்.

"முத்துராணி, நேரத்தை மாத்தலாமான்னு நோயாளிக்கு மெசேஜ் அனுப்பிட்டு ஏஜென்ட் அங்கனயே நிக்குது. பதில் வரலைன்னா என்ன செய்யணும்னு ஒரு வரி போடுங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுதினேன்: 'இரண்டு மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால், சம்மதம் எனக் கொண்டு நேரத்தை மாற்றவும்.' ஐந்து நிமிட வேலை. கச்சிதமாக இருக்கிறது என்று பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் அண்ணன் இசக்கிதுரைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்கு டயாலிசிஸ். அந்த ஆஸ்பத்திரியிலும் எங்கள் காலண்டர்தான். "எங்க கம்பெனிதாம்ணே, காத்துக் கிடக்க வேண்டாம்" என்று பீற்றிக்கொண்டு அங்கே சேர்த்துவிட்டதே நான்தான்.

பங்குனி உத்திரம் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் வீட்டில் தங்குவதில்லை. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவார்கள். எங்கள் சாஸ்தா பாபநாசத்துக்கும் அந்தப் பக்கம் மலையடியில் இருக்கிறார். அங்கே செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. விடியுமுன் போய்ப் பொங்கலிட்டு, பொழுதடைந்துதான் இறங்கினோம். தண்ணீரை அளந்து குடிக்கிற அண்ணன் அன்றைக்கு வெயில் தாங்காமல் இரண்டு தம்ளர் பானக்காரம் குடித்துவிட்டான். நான் முறைத்தேன்.

"ஏட்டி, முழிக்காத. நாளைக்கு மெஷின்ல போட்டு எடுத்துருவாங்கல்லா" என்று சிரித்தான். வீடு வந்து சேர்ந்ததும் அலுப்பில் படுத்துவிட்டோம். போனை யார் பார்த்தார்கள்?

சனிக்கிழமை காலை அவன் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரிப் படி மூன்று ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினான். நர்ஸ் விஜயஸ்ரீ திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னைக்கு இவரு பேரு இல்லையே. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரச் சொல்லி மாத்தியிருக்கு. நீங்க வரலை. இனி செவ்வாய்க்கிழமைதான்."

வியாழக்கிழமை மெஷினில் போட்டதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை!

"எவன் மாத்துனான்?" கத்திவிட்டேன். "ஒரு வார்த்தை கேக்காம மாத்துவீங்களா? விளையாடுதீங்களா?"

"கேட்டிருக்கும்மா. இன்னைக்கு ஒரு மெஷின் ரிப்பேரு. அதுக்காக ஏஜென்ட் நேத்துக் காலையில பத்து மணிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு. பதில் இல்லைன்னதும் பன்னெண்டு மணிக்கு அதுவே மாத்தியிருக்கு. காரணமும் போட்டிருக்கு, நீங்களே பாருங்க."

திரையைத் திருப்பினார். அங்கே என் வரி இருந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதற்கப்புறம் யாரைத் திட்டுவது? பங்குனி உத்திரத்தன்று பாதி ஜில்லா சிக்னல் இல்லாத காட்டில் நிற்கும் என்று ஏஜென்டுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். இடுப்புப் பிள்ளையாய் இருந்ததிலிருந்து போய்வருகிறேன். எழுதும்போது மட்டும் மேஜையும் டீயும்தான் கண்ணில் இருந்தன. சண்டாளி நான்.

"செவ்வாய் வரைக்கும் தாங்காது சிஸ்டர்" என்றேன்.

விஜயஸ்ரீ அண்ணன் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து போனை எடுத்தார்.

"காஜா முகைதீன் பாயா? ஆஸ்பத்திரி விஜயஸ்ரீ பேசுதேன். உங்க பத்து மணி மெஷினை இன்னொருத்தருக்கு விட்டுக்குடுப்பீங்களா? அவருக்கு மூச்சு முட்டுது. நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க, வீட்டுக்குப் போகாம இருந்து நானே பாத்துக்கிடுதேன்."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "அதுக்கென்னம்மா, அவரை முதல்ல போடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணனை மெஷினில் போட்டதும் வராந்தாவில் நடந்தபடியே ஸ்ரீராகவைக் கூப்பிட்டேன். உட்கார முடியவில்லை.

"அந்த ரெண்டு மணி நேர வரியை எடுக்கணும் சார்."

"நல்லாத்தானே ஓடுது முத்துராணி? எடுத்தா எல்லாம் நின்னுரும். திங்கக்கிழமை உக்காந்து பேசுவோம்."

"நிக்கட்டும் சார். அதுக்குள்ள யாரு மூச்சாவது நின்னா யாரு பதில் சொல்லுவா?"

"என்னாச்சு? யாருக்கு?" என்றார். சொன்னேன். சொல்லி முடிக்குமுன்பே, "எடுத்துருங்க" என்றார்.

வராந்தாப் படியில் உட்கார்ந்து, பையிலிருந்த லேப்டாப்பை மடியில் வைத்து எழுதினேன்: 'பதில் இல்லையென்றால் சம்மதம் இல்லை. பழைய நேரத்தைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில் உள்ள ஒருவருக்குத் தெரிவிக்கவும். அவர் நோயாளியைப் போனில் கூப்பிட்டுக் கேட்பார்.' மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

உள்ளே போனபோது மணி பத்தே முக்கால். அண்ணனுக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "எந்தப் பய மாத்துனானாம்ட்டி?" என்று கேட்டான்.

மறைத்திருக்கலாம். ஏஜென்ட் மேல் பழியைப் போட்டால் அதற்கென்ன வலிக்கவா போகிறது?

"அப்படிச் செய்யச் சொல்லி எழுதுனது நான்தாம்ணே. என்னை மன்னிச்சிரு."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தூங்கவில்லை, இமை அசைந்துகொண்டிருந்தது. அவன் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவன் எதிரே குடிக்க மனமில்லாமல் மூடினேன். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால் ஆயிற்று.

இரண்டு மணி நேரமாக அண்ணன் பதில் சொல்லவில்லை. என் பழைய வரிப்படி பார்த்தால் மன்னித்துவிட்டான். நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.