வாசலில் கேட்கிற சாமான்

பழைய சாமான் வியாபாரத்துக்கு ஒரே ஒரு வேதம்தான்: எது வேண்டுமோ அதைப் பார்க்காதே. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கூப்பிட்டால் போவோம். கண் ஊசல் கடிகாரத்தின் மேல் விழுந்தால், கை ஒரு உடைந்த நாற்காலியின் மேல் விழ வேண்டும். நாற்காலிக்கு விலை கேட்டு, இரும்புக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் தேறாது போலிருக்கே" என்று செருப்பைத் தேடி, வாசல் தாண்டும்போது திரும்பி, "ஆமா, அந்தக் கடிகாரம் ஓடுதா, சும்மாவா?" என்று கேட்க வேண்டும். வாசலில் கேட்கிற சாமான்தான் நாங்கள் தேடி வந்த சாமான்.

இதில் என் தங்கை புருஷனை மிஞ்ச ஆளில்லை. கடையில் என் கூட்டாளி. பெண் கேட்டு வந்த அன்றுகூட எங்கள் அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பற்றியே பேசித் தீர்த்துவிட்டு, படியிறங்கும்போதுதான் "ஆமா, உங்க பொண்ணுக்கு எங்கயாவது முடிவாயிருச்சா?" என்றான். அப்பா பதறிப்போய் இரண்டையும் கொடுத்து அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் குளித்துவிட்டு வந்து, கட்டைவிரல் வீங்கியிருக்கிறதா பார் என்றானாம் தங்கையிடம். இல்லை என்றாள். காது மந்தமாக இருக்கிறது என்றான். அதற்கும் அவள் அசையவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"ஆமா, வலது பக்க விதையில பட்டாணி மாதிரி கெட்டியா ஏதோ தட்டுப்படுது. வலியே இல்ல. சும்மாதான் இருக்கும், என்ன?"

வியாபாரி மகள் அவள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வலி இல்லன்னு சந்தோஷப்படாதீங்க. வலிக்காத கட்டியைத்தான் சந்தேகப்படணும்பாங்க. இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க."

போனான். முழங்காலுக்குத் தைலத்தோடு வந்தான்.

"சொன்னீங்களா?"

"பேச்சு அந்தப் பக்கமாத்தான் வந்துகிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள மணியை அடிச்சு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு."

மறுபடி போனான், இருமல் மருந்து வந்தது. அதற்கடுத்து கண்ணுக்குச் சொட்டு மருந்து. அலமாரி நிறைந்துவிட்டது. வந்த சாமானைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

கடையிலும் ஆள் மாறிப்போனான். எந்த நாற்காலி வந்தாலும் முதலில் உட்கார்ந்து பார்க்கிறவன், நின்றபடியே விலை பேசினான்.

"என்ன மாப்ள, உக்காரலையா?"

"கீழ கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனமா இருக்கு மச்சான். அடிவயிறும் லேசா இழுக்குது. அது கிடக்கட்டும், இந்த மேசைக்கு என்ன சொல்ற?"

தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"அண்ணே, அது கேன்சரா இருந்தா, இவர் பேரத்தை ஆரம்பிக்கிறதுக்குள்ள வேற இடத்துக்குக் குடிபோயிடும். சீக்கிரம் பிடிச்சா காப்பாத்திடலாமாம். நாளைக்குக் கடையைச் சாத்து. மூணு பேரும் போறோம்."

தானே சொல்வதாகவும், நாங்கள் வாயைத் திறக்கக் கூடாதென்றும் மாப்பிள்ளை சத்தியம் வாங்கிக்கொண்டான்.

டாக்டர் அறையில் ஒரு மேசை, துருப்பிடித்த எடை மிஷின், சுவரில் தேக்குப் பெட்டி போட்ட பழங்காலக் கடிகாரம். மாப்பிள்ளை தோள்பட்டையில் ஆரம்பித்தான். பிறகு குறட்டை. பிறகு குதிகால். தங்கை கைப்பையின் வாரைத் திருகியே பிய்த்துவிடுவாள் போலிருந்தது. டாக்டர் எழுதி முடித்து மணியை அழுத்தினார். கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். கதவுப்பிடியைப் பிடித்தபடி மாப்பிள்ளை திரும்பினான்.

"ஆமா டாக்டர், சும்மா கேக்குறேன்..."

பெரியவரைப் பார்த்தான்.

"...இந்தக் கடிகாரம் நல்லா ஓடுதா?"

"கடிகாரம் ஓடல, இவர்தான் ஓடுறாரு!" என்று எழுந்தாள் தங்கை. "டாக்டர், நாங்க வந்தது இதுக்கு. கட்டி இருக்கு. கனக்குதாம்."

நேராக விரல் நீட்டிக் காட்டினாள். எங்கள் பரம்பரையில் வேண்டிய சாமானை விரல் நீட்டிக் காட்டிய முதல் ஆள் அவள்தான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் போன திசையைப் பார்த்தார்.

"போய்ப் படுங்க தம்பி. எனக்கு வெறும் சளிதான், காத்திருக்கேன்."

திரைக்குப் பின்னால் டாக்டர் தொட்டுப் பார்த்தார். விளக்கை அணைத்து டார்ச் அடித்தும் பார்த்தார். பீங்கான் கோப்பையில் விரிசல் தேட நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

"தண்ணி கோத்திருந்தா வெளிச்சம் ஊடுருவும். இதுல ஊடுருவல. ரெண்டு விதையில ஒண்ணு கொஞ்சம் பெருசா, கீழ இறங்கி இருக்கிறது இயற்கை. புதுசா கட்டியோ வீக்கமோ கனமோ வந்தா வலிக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது. இன்னைக்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரெண்டும் எடுங்க."

முடிவு வந்தது. கேன்சரேதான். ஆனால் இன்னும் குடிபோகவில்லை போலிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும். எங்கள் ஆள் விடுவானா?

"கட்டியை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடலாமே டாக்டர்? ஜோடியைப் பிரிச்சா மதிப்புப் போயிடும்."

"உங்க விஷயத்துல முழுசா எடுத்தாத்தான் நல்லது. நல்லா இருக்கிற ஒத்தையே ரெண்டு பேர் வேலையையும் பார்த்துக்கும்."

எடுத்தார்கள். பரவியிருக்கிறதா என்று பார்த்த பரிசோதனை முடிவுகள் வந்ததும் மறுபடி அதே அறைக்கு மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளை உட்காரக்கூட இல்லை.

"ரிப்போர்ட் என்ன சொல்லுது டாக்டர்? நேரா சொல்லிடுங்க."

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"ஐயோ, முழங்கால் எனக்கு வலிச்சதே இல்ல டாக்டர்!"

"எனக்கும் இப்பத்தான் தெரியுது" என்று சிரித்தார் அவர். "பரவல. சுத்தமா இருக்கு. ஆனா வரச் சொல்றப்பல்லாம் வந்து காட்டணும். நேரா விஷயத்துக்கு வரணும்."

மாப்பிள்ளை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் கை மெதுவாக நீண்டு எடை மிஷினைத் தட்டிப் பார்த்தது.

"துருப்பிடிச்சுப் போச்சே டாக்டர். இதைத் தள்ளிவிடுற உத்தேசம் இருக்கா?"

சுவர்க் கடிகாரத்தின் பக்கம் அவன் பார்வை ஒருமுறைகூடப் போகவில்லை. தங்கை அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாக மூச்சுவிட்டு என் காதோடு சொன்னாள்:

"அண்ணே, எங்க வீட்டு ஹால்ல ஒரு ஆணி அடிச்சு வை."