காட்டு மூலையில் ஒரு காப்பு

ஆவாரையை விதை போட்டு வளர்க்கப் போகிறேன் என்றதும் புதுச்சத்திரமே சிரித்தது. ரோட்டோரத்தில் தானாக முளைத்து மஞ்சளாகப் பூத்துக் கிடந்த செடியை எந்தப் பைத்தியக்காரியாவது நட்டு வளர்ப்பாளா? நான் வளர்த்தேன்.

காரணம் என் அண்ணன் சண்முகவேல். புருஷன் வேண்டாம் என்று நான் திரும்பி வந்தபோது, எங்கள் சரளைக்காட்டு நிலத்தில் இருபது சென்டை எனக்கென்று வாயால் சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடினார். எழுத்து எதுவும் இல்லை. அண்ணனுக்கு மூன்று லாரி. அந்த இடத்தில் லாரி நிறுத்த அவருக்கு ஆசை.

"சும்மா கெடக்குற காடு, அமுதா. ரெண்டு தை பாக்கறேன். எதையாச்சும் பச்சையா நிக்க வெச்சுக் காட்டு, உம்பேருக்கே எழுதிக் குடுத்தர்றேன். இல்லீன்னா ஜேசிபி வரும்" என்றார். பக்கத்து வீட்டுப் பெருமாயியக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிணறு அவர் பக்கம். தண்ணீர் விடச் சொல்லிக் கெஞ்ச எனக்கு மனமில்லை. தண்ணீர் கேட்காத செடியாகத்தான் நட வேண்டும்.

விதைக்குத்தான் வழியில்லை. வீட்டுமனைக்கு சைட் போட்டவர்கள் ஊரைச் சுற்றி ஒரு ஆவாரையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. போன போகிக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டு எரவாணத்தில் செருகிய காப்பில் மட்டும் ஆவாரங்காய்கள் காய்ந்து தொங்கின. கட்டிய காப்பை அடுத்த போகி வரை தொடக்கூடாது. நான் வைகாசியிலேயே உருவினேன்.

"ஐயோ சாமி, காப்பப் போயி உருவறயே, ஊட்டுக்கு ஆகுமா?" என்று பெருமாயியக்கா பதறினார்.

"இருந்தப்ப மட்டும் எனக்கு என்ன நல்லது நடந்துச்சுங்க்கா?"

முதலில் அப்படியே விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை, தோல் அவ்வளவு கெட்டி. அடுத்த முறை சுடுதண்ணீரில் ஊற வைத்துப் பையில் போட்டேன். முளைத்தது. முளைத்த சந்தோஷத்தில் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். பத்தே நாளில் எல்லாம் அழுகிப்போனது. அன்றைக்கு அழுதேன். பாசத்தைக் கொட்டியே கொன்றுவிட்டேனே என்று என் மேலேயே ஆத்திரம்.

மிச்சமிருந்தது ஒரு கைப்பிடி. அதை ஊற வைத்து, புரட்டாசி மழைக்கு முன்னால் சரளையிலேயே விரல்கணு ஆழத்தில் புதைத்தேன். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மழையிலேயே முளைத்து வந்தன. அண்ணன் வேண்டுமென்றே ஆடுகளை ஓட்டிவிட்டார். அவை மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டின. அவருக்கு மூக்கறுந்ததில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

முதல் தையில் செடி முழங்காலுக்குக்கூட வரவில்லை. "இது வெள்ளாமையா, களையா அம்மிணி?" என்று அண்ணன் சிரித்தார்.

"இன்னொரு தை இருக்குதுங்கண்ணா" என்றேன்.

சித்திரை வெயிலில் கிணறு வற்றி, அவர் பக்கத்தில் வைத்த தென்னங்கன்றுகள் கருகின. என் செடிகள் இலையைக் கொஞ்சம் உதிர்த்துவிட்டு அப்படியே நின்றன. மறு ஐப்பசியில் இடுப்புயரம் வளர்ந்து பூத்தன.

போகி வந்தது. ராசிபுரம் சந்தைக்கு வந்த ஆவாரை காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். காப்பில்லாமல் பொங்கலுக்கு லாரியை எடுக்க எந்த டிரைவரும் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் அண்ணன் என் காட்டுக்குள் நுழைந்து, தன் பாட்டுக்கு ஒரு கிளையை வளைத்தார்.

"கேட்டுட்டு ஒடிங்கண்ணா."

அவர் கை நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பெருமாயியக்கா நின்றிருந்தார்.

"காப்புக் கட்டோணும் அம்மிணி. ஊட்டுக்கும் வண்டிகளுக்கும் நாலு கொத்துக் குடு."

நான் ஐந்து ஒடித்தேன். மடியில் இருந்த வேப்பிலையையும் பூளையையும் சேர்த்துக் கட்டி, நான்கை அவர் கையில் கொடுத்தேன். ஐந்தாவதைத் தனியாக நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"வெள்ளாமைக் காடுன்னா மூலைக்கு மூலை காப்புக் கட்டுவாங்கல்லங்க. சும்மா கெடக்குற எடத்துக்கு ஆரும் கட்ட மாட்டாங்க. விடிஞ்சா நீங்க சொன்ன ரெண்டாவது தை. மொதல்ல இந்த மூலைக்கல்லுல கட்டுங்க. அப்பறம் உங்க லாரிக்குப் போலாம்."

அவர் என்னைப் பார்த்தார், பெருமாயியக்காவைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, கல்லில் காப்பைக் கட்டினார். முடிச்சு தளர்ந்திருந்தது.

"இன்னுங் கொஞ்சம் இறுக்குங்கண்ணா" என்றேன்.